ஓயாது குரைக்கும் நாயும் அயல் வீட்டு உறக்கமும்

நாற்கவிராச நம்பி இயற்றிய அகப்பொருள் இலக்கணம், இரவில் தலைவியைக் காண வரும் தலைவனுக்கு நேரும் இடையூறுகளை வகைப்படுத்துமிடத்து, தாய் உறங்காமை, ஊர் உறங்காமை என்பவற்றோடு 'நாய் துஞ்சாமை' என்பதையும் ஒரு துறையாக வைத்துள்ளது. அந்நாளில் நாய் உறங்காமையால் அல்லலுற்றவன் காதலன் ஒருவனே. இந்நாளிலோ ஒரு நாய் உறங்காவிடில் ஒரு தெருவே உறங்குவதில்லை.

நூல் விலையும் பருத்தி விலையும் பேச வேண்டிய இத்திங்களிதழில் நாய்க்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கக்கூடும். சங்க ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நம்மிடம் அளிக்கப்படும் மனுக்களுள் கடன் பற்றியனவும் கூலி பற்றியனவும் போக, அயல் வீட்டு நாயைப் பற்றியனவும் சில இருந்தே வருகின்றன. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, சங்கத்தின் அமைப்பு, நிர்வாகம், அலுவல் ஆகியவற்றைத் தொட்ட தகராறுகளுக்கே உரியது. நாய் குரைப்பது அம்மூன்றனுள் எதிலும் அடங்காது. ஆகவே இத்தகைய மனுக்களைப் பெற்றுக்கொள்ளாமல் திருப்பித் தருவதே முறை; அவ்வாறே செய்தும் வருகிறோம். எனினும் மனு திரும்பிவிடுமேயொழிய மனத்தாங்கல் திரும்புவதில்லை. அது பொதுப்பேரவைக் கூட்டத்திற்கு வேறு உருவில் வந்து சேருகிறது.

கரிசல் வட்டாரத்து ஊர் ஒன்று. பெயர் கூறுதல் முறையன்று. ஒரே தெருவில் ஒரு நெசவாளர் குடும்பமும், மானாவாரி நிலமுள்ள ஒரு விவசாயக் குடும்பமும் அடுத்தடுத்து வாழ்ந்து வந்தன. இருவரும் இரு வேறு சங்கங்களில் அங்கத்தினர்களாயினும், கடன் வாங்கும்போது ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பது பல்லாண்டுப் பழக்கம். விவசாயி வீட்டு நாய் இரவெல்லாம் குரைத்தது. நெசவாளர் இரண்டு முறை வாயாற் சொன்னார். மூன்றாம் முறை கல்லெடுத்து எறிந்தார். அவ்வாண்டு பயிர்க் கடனுக்கு ஜாமீன் கையொப்பம் வேண்டி விவசாயி வந்தபோது, கையொப்பமிட மறுத்துவிட்டார். கடன் காலந்தாழ்ந்தது, விதைப்பு பிந்தியது. விவசாயிக்கு நேர்ந்த நஷ்டத்தை நாயின் கணக்கில் எழுதுவதா, மனிதரின் கணக்கில் எழுதுவதா என்பதைத் தணிக்கையாளரும் சொல்ல இயலாது.

இச்செய்தியில் நம் கருத்தைக் கவர்ந்தது, அந்நாய் எந்த மாதத்தில் குரைத்தது என்பதே. நெசவாளர் எழுதிய மூன்று மனுக்களின் தேதிகளையும் பார்த்தோம். ஒன்று பங்குனி, ஒன்று வைகாசி, ஒன்று ஆனி. ஐப்பசியிலோ மார்கழியிலோ ஒரு முறையீடும் இல்லை. காரணம் வெளிப்படை. நம் மாவட்டத்தின் வடபகுதியில், கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் ஆகிய வட்டாரங்களின் மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்துத் தை மாசியில் அறுப்பது வழக்கம். மக்காச்சோளமும் உளுந்தும் நிற்கும் அந்நாட்களில் விவசாயி இரவுக் காவலுக்குச் செல்லும்போது நாயும் உடன் செல்கிறது. காட்டுப்பன்றி வந்தால் அதுதான் முதலில் அறிகிறது. அறுவடை முடிந்ததும் காவலும் முடிகிறது. நாய் திண்ணைத் தூணில் ஒரு முழச் சங்கிலியில் கட்டப்படுகிறது. வயலில் செய்த அதே வேலையைத் தெருவில் செய்கிறது. பன்றிக்குப் பதிலாகப் போவோர் வருவோர், அவ்வளவுதான் வேறுபாடு. அன்றியும், கோடைக்காலத்தில் நெசவாளர் வீட்டுக்குள் புழுக்கம் தாங்காது வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறார். குரைப்பு மிகும் காலமும், அது காதில் நேரே விழும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இவ்விதழ் நெசவாளருக்கும் விவசாயிக்கும் பொதுவானது. ஆகவே இருவர் பக்கத்தையும் உள்ளவாறே கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

விவசாயிக்குக் குரைப்பு ஓர் உடைமை. திருட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சி வேலி அமைப்போர் பன்றியோடு மனிதரையும் கொல்கின்றனர். நாயின் குரல் எவரையும் கொல்வதில்லை. வேம்பூர் ஆடுகளைக் கிடை போடுவோரைக் கேட்டால், நாயில்லாத கிடை விடியும்போது முழுக் கணக்காக இராது என்பர். நெசவாளருக்கோ உறக்கமே முதலீடு. பொழுது புலருமுன் எழுந்து, வெயில் ஏறுவதற்குள் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றி முடிக்க வேண்டும். பகலெல்லாம் குழித்தறியில் அமர்ந்து, அறுந்த இழையைக் கண்ணால் தேடி எடுத்து முடிய வேண்டும். உறங்காத கண் இழையைத் தவறவிடும். தவறிய இழை சேலையில் குற்றமாக நிற்கும். குற்றமுள்ள சேலைக்குக் கூலிப் பிடித்தம் உண்டு. நீட்டிய பாவின் குறுக்கே ஒரு நாய் வழிப்போக்கனைத் துரத்தி ஓடினால் நேரும் சேதத்தை நெசவாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டில் எது பெரிது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைத் துணிந்து கூறுவோம். குரைப்பின் பயன் உடையவனைச் சேருகிறது. அதன் துன்பம் அயலானைச் சேருகிறது. பயனை அடைபவனே பரிகாரத்தையும் தேடுதல் வேண்டும். அயலான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நாய் காரணமின்றிக் குரைப்பதில்லை. மனிதர் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு ஒன்றுமில்லாத இருளில் அதற்கு ஏதோ ஒன்று இருக்கலாம். அந்நியனைக் கண்டு குரைப்பது ஒன்று. அச்சத்தால் குரைப்பது ஒன்று. தனித்து விடப்பட்டதால் ஓலமிடுவது ஒன்று. சோறு வேண்டிக் குரைப்பது ஒன்று. உண்ணி கடித்துத் தோல் புண்ணானாலும், காதில் சீழ் வைத்தாலும், முதுமையால் மதி மயங்கினாலும் இரவெல்லாம் குரைக்கும் நாய்கள் உண்டு. அவற்றை அடிப்பது நோயாளியை அடிப்பதாகும்.

பழக்கத்தால் வருவதும் உண்டு. தபால்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, கடிதத்தைப் போட்டுவிட்டு அவர் தம் வழியே போய்விடுகிறார். தான் குரைத்ததால்தான் அவர் ஓடினார் என்று நாய் கணக்கிட்டுக்கொள்கிறது. நாளொன்றுக்கு ஒரு வெற்றி வீதம் ஆண்டு முழுவதும் பெறும் நாய், குரைப்பை எப்படி விடும்? கூட்டுறவு ஆய்வாளரையும் அவ்வாறு விரட்டியதாகப் பெருமை கொள்ளும் நாய்கள் இம்மாவட்டத்தில் பல உண்டு.

இங்கே சங்கிலியைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் அவசியமாகிறது. நம் பகுதிக்கு அண்மையிலுள்ள சிப்பிப்பாறையின் பெயரால் வழங்கும் நாயும், கன்னி நாயும் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, கூரிய கண். இயல்பில் இவை அதிகம் குரைப்பனவல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. அது வேண்டிய தடையே. ஆனால் ஓடுவதற்கென்று அமைந்த உடலுக்கு ஓட்டம் இல்லாது போயிற்று. இன்று இந்நாய்கள் பெருமைக்காக விலை கொடுத்து வாங்கப்பட்டு, வாசற்படியருகே நாள் முழுதும் கட்டப்படுகின்றன. இயல்பில் வாய் திறவாத சாதியும் இவ்வாறு கட்டுண்டால் வாய் திறக்கும். இராசபாளையம், கோம்பை போன்ற காவற்சாதிகளைப் பற்றிக் கேட்க வேண்டுவதில்லை.

சங்க நூற்கிடங்குகளிலும் இதுவே நிலை. காவலர் உறங்க, நாய் ஒரு முழக் கயிற்றில் நின்று ஊரை எழுப்புகிறது. (அந்நாய்க்கு வாங்கிய உணவைச் சில்லறைச் செலவில் எழுதும் செயலாளர்கள், அதற்குப் போட வேண்டிய தடுப்பூசிச் செலவை மட்டும் எழுதக் காணோம்.)

நாள் முழுதும் கட்டி வைப்பது வெறும் மனக்கடினம் மட்டுமன்று, குற்றமுமாகும். ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 11-ஆம் பிரிவு, மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றமெனக் கூறுகிறது. அத்துடன் நில்லாது, வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாய்க்குத் தக்க நடமாட்டம் அளிக்கத் தவறுவதையும் தனியே ஒரு குற்றமாக வைத்துள்ளது. சட்டம் செய்தவர்கள் நாயை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. நாய்க்கு நடை கொடுத்தால் பாதிக் குரைப்பு தானே அடங்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் பலரும் கூறும் முதற் பரிகாரம்.

இனி, வாயைக் கட்டுவது பற்றி. இதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு பழங்கதை உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளிப்பு நடந்த காலத்தில், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர். அவர்களைக் கடல்கட்டிகள் என்பர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலியாகச் சென்றதென எழுதியுள்ளார். பகலில் கட்டிய கட்டை மாலையில் அவிழ்த்துவிடுவராம்; இரவில் கள்ளத்தனமாக எவரும் குளியாதிருக்க அதுவே காவலாம். பின்வந்த ஆங்கில அரசினரும் மந்திரத்தை நம்பாமலே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்து வந்தனர். ஏனெனில், அவர் கரையில் நின்றாலன்றிக் குளிகாரர் கடலில் இறங்க மறுத்தனர். கட்டப்பட்டது சுறாவின் வாயன்று, குளிகாரரின் அச்சமே என்று நாம் கருதுகிறோம். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்புகள் நின்றன, கடல்கட்டிகளும் மறைந்தனர்.

நாயின் வாய்க்கட்டு மந்திரமும் நாட்டுப்புறத்தில் பேசப்படுவதுண்டு. மந்திரம் போக, இப்போது வார்ப்பட்டையாலும் கயிற்றாலும் வாயைக் கட்டுவோரைக் காண்கிறோம். இது பெருந்தீங்கு. நமக்கு உடலெங்கும் வியர்த்து வெப்பம் தணிகிறது. நாயோ வாய் திறந்து இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் வாய் இறுகக் கட்டப்பட்ட நாய் சில நாழிகையில் உயிர்விடவும் கூடும். குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டைகளும் கடைகளில் வந்துள்ளன. அச்சத்தால் குரைக்கும் நாய்க்கு அவை மேலும் அச்சத்தையே தரும்.

'குரைக்கிற நாய் கடிக்காது' என்னும் பழமொழியை நம்புவோருக்கும் ஒரு சொல். அச்சத்தால் குரைக்கும் நாய், ஒதுங்க இடமில்லாதபோது கடிக்கவே செய்யும். அன்றியும், நன்கு பழகிய நாயின் குரல் திடீரென்று கம்மிக் கரகரப்பாக மாறினாலோ, ஒன்றுமில்லாத வெளியை நோக்கி இடைவிடாது குரைத்தாலோ, வாயில் நீர் ஒழுகினாலோ வெறிநோயை ஐயுற வேண்டும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் அக்குரல் மாறுகிறது. அவ்வேளையில் அடக்க முயலாமல் விலகியிருந்து கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்புக. கடிபட்டாலோ கீறல் பட்டாலோ ஓடும் நீரிலும் சோப்பாலும் 15 நிமிடம் கழுவி, தாமதியாது அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடாத வீட்டார், குரைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னே அதைச் செய்து முடிப்பார்களாக.

பழக்கக் குரைப்பை மாற்றும் வழி கடினமன்று, பொறுமைதான் வேண்டும். நாயைத் தெருப்பக்கத்திலிருந்து புறவாசலுக்கு மாற்றுக. இயலாவிடில் பனையோலைத் தட்டி ஒன்றை மறைப்பாகக் கட்டுக. போவோர் வருவோர் கண்ணிற்படாவிட்டால் குரைப்பில் பெரும்பகுதி குறையும். கட்டியே ஆகவேண்டுமெனில் இரு மரங்களுக்கிடையே கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியை ஓட விட்டால் நாய் உலாவ இடம் கிடைக்கும். அந்தியில் ஒரு மணி நேரம் நடத்திச் சென்று, அதன் பின் உணவு கொடுக்க வேண்டும். பசித்த நாயும் ஓடாத நாயும் உறங்கா.

குரைக்கும்போது அதட்டுவதில் பயனில்லை. வீட்டுக்காரரும் நம்மோடு சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் எண்ணும். இரண்டு மூன்று முறை குரைக்க விடுக. அது அதன் கடமை. பின் எழுந்து சென்று பார்த்து, தாழ்ந்த குரலில் 'போதும்' என்று சொல்லி, அது வாய் மூடிய கணத்தில் ஒரு துண்டு உணவு தருக. முள் நீக்கிய வெந்த மீன் போதும். உப்பேறிய கருவாடு ஆகாது. குரைத்துக்கொண்டிருக்கையில் சோறு வைப்போர் குரைப்புக்குக் கூலி கொடுப்பவர் ஆவர்.

அயலாருக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் நாயின் சொந்தக்காரரிடம் நேரே பேச வேண்டும். தெருவில் நின்று கூவுவதினும், "அண்ணாச்சி, நாயைப் புறவாசல் பக்கம் கட்டினால் என்ன? ராத்திரி கண்ணை மூட முடியவில்லை" என்று திண்ணையில் அமர்ந்து சொல்வது பலன் தரும். எந்நேரத்தில், எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று ஒரு வாரம் குறித்துவைத்தால், நெசவாளர் தேதியிட்டு எழுதிய மனுக்களைப் போலக் காரணமும் அதிலேயே வெளிப்படும். பேசியும் திருந்தாதவரிடம் ஊராட்சித் தலைவர் வழியாகச் சொல்லலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என அளவு வைத்துள்ளன. அவ்விதிகள் நாயை எண்ணி எழுதப்பட்டவையல்ல. ஆயினும் இரவின் அமைதிக்கு அரசு எவ்வளவு மதிப்பு வைத்துள்ளது என்பதை அவை காட்டும். தெரு முழுவதற்கும் பொதுத் தொல்லையாகும் நிலை வந்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவரை அணுகவும் வழியுண்டு. அது கடைசி வழி.

சோற்றில் விஷம் வைப்பவர்களைப் பற்றி மட்டும் மென்மையாகப் பேச நம்மால் இயலவில்லை. ஊர்தோறும் இது நடக்கிறது. பெரும்பாலும் இரவில், பெரும்பாலும் அறிந்தவர் கையாலேயே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு இதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. தெருவில் வைத்த விஷம் கோழிக்கும் ஆட்டுக்கும் போகும். தவழும் குழந்தையின் கைக்கும் போகும். அடுத்த வீட்டில் ஒரு பிராணியைக் கொன்றவரோடு, அந்தக் குடும்பம் மறுபடி ஒரே பந்தியில் அமருமா, ஒரே பத்திரத்தில் கையெழுத்திடுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தெருநாய்களின் செய்தி வேறு. 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி அவற்றுக்கு அறுவை செய்து, தடுப்பூசியிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றமும் வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றுக்கு இம்முறையையே உறுதி செய்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களுக்கு அவ்வாண்டு நவம்பர் 7 அன்று தனி ஆணை பிறந்தது. இணை தேடும் பருவத்தின் கூட்டுக் குரைப்பு கருத்தடையால் குறையும். ஆதலின் கிராமசபையில் இதைக் கேட்டு வாங்குவது பயனுள்ள முயற்சி.

முன் கூறிய இரு வீட்டார் கதை எவ்வாறாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். இரு சங்கங்களின் செயலாளர்களும் ஒரு மாலை அவ்விருவரையும் அமர்த்திப் பேசினர். நாய் புறவாசலுக்கு மாறியது. விவசாயியின் மகன் அதை அந்தியில் கண்மாய்க் கரை வரை நடத்திச் செல்ல ஒப்புக்கொண்டான். மறு ஆண்டு பயிர்க் கடன் பத்திரத்தில் நெசவாளரின் கையொப்பத்தைக் கண்டோம். இப்போதும் அந்நாய் குரைக்கிறது; ஆனால் நள்ளிரவுக்குப் பின் அரிது என்கின்றனர்.

இம்முறையைத் தொடங்குவோர் ஒன்றை நினைவில் வைப்பார்களாக. இதுவரை குரைத்துப் பெற்றது கிடைக்காமற் போகும்போது, முதற் சில நாட்கள் நாய் முன்னினும் அதிகமாகக் குரைக்கும். பலர் அந்த மூன்றாம் நான்காம் இரவில் மனம் தளர்ந்து சோற்றை வைத்துவிடுகின்றனர். அதோடு முயற்சி கெடுகிறது. ஆகவே தொடங்குமுன் இரு பக்கத்து வீட்டாரிடமும் சென்று, பத்துப் பதினைந்து நாள் பொறுத்துக்கொள்ளுமாறு சொல்லிவைக்க வேண்டும். தெருவில் பாவு நீட்டும் நாளும், வீட்டில் நோயாளி இருக்கும் நாளும் தவிர்க்கத்தக்கவை. தை மாசியில் அறுவடை முடிந்து நாய் வீடு திரும்பும் வாரமே தொடங்குவதற்கு ஏற்ற காலம்.